நள்ளிரவில் கதவைத் தட்டினால்... (இந்தியாவில் தனியுரிமையின் கதை)

பி.காம். படிக்கிற ஆளுக்கு ஒட்டுக்கேட்பு, உளவு, உச்ச நீதிமன்றம் என்றெல்லாம் எழுத என்ன அவசியம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. தணிக்கைப் பாடத்தில் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கிற ஒரு விதி உண்டு. கணக்கு எழுதியவரே அந்தக் கணக்கைத் தணிக்கை செய்யக் கூடாது. 2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 141-வது பிரிவும் இதைச் சொல்கிறது. ஒரு கம்பெனியின் அதிகாரியோ ஊழியரோ அதே கம்பெனிக்குத் தணிக்கையாளராக இருக்க முடியாது. அவர் நேர்மையானவரா இல்லையா என்பது கேள்வியே அல்ல. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கூடாது. அவ்வளவுதான்.

அரசாங்கம் குடிமக்களின் போனை ஒட்டுக்கேட்கும் விஷயத்தில் மட்டும் இந்தச் சாதாரண விதியை நம் நாடு ஏன் இன்னும் ஏற்கவில்லை? இதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பதிவு நீளமானது, பொறுமையாகப் படியுங்கள்.

தந்திக் காலத்துச் சட்டம்

1885-ல் வெள்ளைக்காரர்கள் இந்தியத் தந்திச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் 5-வது பிரிவு, பொது நெருக்கடி ஏற்பட்டாலோ பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலோ யாருடைய தந்தியையும் இடைமறித்துப் படிக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. 1898-ல் வந்த அஞ்சல் சட்டம் கடிதங்களுக்கும் அதே மாதிரி அதிகாரத்தைக் கொடுத்தது. அடிமை நாட்டை ஆள்கிறவனுக்கு அந்த அதிகாரம் தேவைப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் எதில் என்றால், சுதந்திரம் வந்த பிறகும் இரண்டு சட்டங்களும் அப்படியே தொடர்ந்தன. தந்திச் சட்டத்தில் 'தந்தி' என்ற சொல்லுக்குக் கொடுத்திருந்த பொருள் மிக அகலமானது. அதனால் தொலைபேசி வந்தது, கைபேசி வந்தது, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கின. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோன பிறகும், கைபேசியை ஒட்டுக்கேட்க 1885-ம் வருடத்துச் சட்டம்தான் பயன்பட்டது!

சேர்க்கப்படாமல் போன வரிகள்

நம் அரசியலமைப்பில் தனியுரிமை என்ற சொல்லே கிடையாது. நம் தலைவர்களுக்குத் தோன்றவில்லையா என்றால், தோன்றியது. 1947 மார்ச்சில் கே.எம். முன்ஷி தயாரித்த வரைவில், வீட்டுக்குள் யாரும் அத்துமீறி நுழையக் கூடாது, கடிதப் போக்குவரத்து ரகசியமாக இருக்க வேண்டும் என்ற இரண்டும் உரிமைகளாக இருந்தன. காரணமின்றி உடலையோ வீட்டையோ தாள்களையோ சோதனையிடக் கூடாது என்று அம்பேத்கரும் தன் குறிப்பில் எழுதியிருந்தார்.

எதிர்ப்பு வந்த இடம் நமக்குப் பக்கத்து இடம்தான். சென்னை மாகாணத்தில் பல ஆண்டுகள் அட்வகேட் ஜெனரலாக இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இதை ஏற்கவில்லை. கடித ரகசியத்தை அடிப்படை உரிமையாக்கினால் நீதிமன்ற வழக்குகளில் கடிதங்களைச் சாட்சியமாகப் பயன்படுத்துவதே சிக்கலாகிவிடும் என்பது அவர் கவலை. அரசியல் நிர்ணய சபையின் சட்ட ஆலோசகர் பி.என். ராவோ, போலீஸ் விசாரணை பாதிக்கப்படும் என்றார். இருவரும் கெட்ட எண்ணத்தில் சொன்னவர்கள் அல்லர். பிரிவினைக் கலவரங்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆனாலும் அந்த வரிகள் விடுபட்டுப் போயின. விடுபட்டதன் விலையை அடுத்த எழுபது வருடம் மற்றவர்கள் கொடுத்தார்கள்.

ஒரு கம்பெனி வழக்கு

முதல் அடி ஒரு கம்பெனி வழக்கில் விழுந்தது. டால்மியா ஜெயின் ஏர்வேஸ் என்ற நிறுவனத்தில் பணம் கையாடப்பட்டது, பொய்க் கணக்கு எழுதப்பட்டது என்ற புகார்களின் பேரில் பல இடங்களில் சோதனை போட்டு ஆவணங்களை அள்ளிச் சென்றார்கள். எங்களுக்கு எதிராக எங்களையே சாட்சி சொல்ல வைப்பதற்குச் சமம் இது என்று வழக்குப் போட்டார்கள். 1954-ல் எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு (எம்.பி. சர்மா வழக்கு) அதை நிராகரித்தது.

என்னைக் கேட்டால் அந்த முடிவில் பெரிய தவறு இல்லை. கணக்கில் மோசடி செய்தவர் வீட்டில் சோதனையே போடக் கூடாது என்றால் யாரைத்தான் பிடிப்பது? ஆனால் தீர்ப்பில் போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னார்கள். அமெரிக்க அரசியலமைப்பில் உள்ளது போன்ற தனியுரிமையை நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் சேர்க்கவில்லை, எனவே நாமாக அதை இழுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை என்றார்கள். வழக்குக்கு அவ்வளவாகத் தேவைப்படாத கருத்து அது. எட்டு நீதிபதிகள் சொன்னதால் அது 63 வருடம் நின்றது.

கரக் சிங்கின் தூக்கம்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் கரக் சிங். உத்தரப் பிரதேசத்துக்காரர். 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் கைது செய்யப்பட்டார். சாட்சியம் எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். தண்டனை கிடையாது. ஆனால் போலீஸ் அவர் பெயரில் ஒரு 'சரித்திரப் பதிவேடு' திறந்து வைத்துக்கொண்டது. நம் ஊர்ப் பத்திரிகைகளில் 'சரித்திரப் பதிவேடு குற்றவாளி' என்று படிக்கிறோமே, அதே சங்கதி.

பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் என்னென்ன செய்யலாம் என்று அந்த மாநிலப் போலீஸ் விதி 236 பட்டியல் போட்டிருந்தது. வீட்டை ரகசியமாகக் காவல் காக்கலாம். இரவில் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். பழக்கவழக்கம், தொடர்புகள், வருமானம், செலவு, தொழில் இவற்றை அவ்வப்போது விசாரிக்கலாம். ஊரைவிட்டு எங்கே போகிறார், வருகிறார் என்று குறித்துவைக்கலாம்.

கரக் சிங் நீதிமன்றத்தில் சொன்னது இதுதான். போலீஸ்காரர்களும் ஊர்த் தலையாரியும் நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டிக் கூப்பாடு போடுகிறார்கள், எழுப்பித் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள், சில சமயம் அந்த நேரத்திலேயே ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள், வெளியூர் போவதானால் தலையாரியிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. நேராக உச்ச நீதிமன்றத்திலேயே மனுப் போட்டார்.

1962 டிசம்பர் 18-ம் தேதி ஆறு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன என். ராஜகோபால ஐயங்கார். ராத்திரி வீட்டுக்கு வருவது மட்டும் செல்லாது என்றார். ஒரு மனிதனின் வீடும் அவன் தூக்கமும் அவனுடைய தனிமனித சுதந்திரத்தில் சேர்ந்தவை என்ற அளவுக்குப் போனார். ஆனால் பின்தொடர்வது, நடமாட்டத்தைக் குறித்துவைப்பது எல்லாம் சரிதான், ஏனென்றால் தனியுரிமை நம் அரசியலமைப்பில் உத்தரவாதம் தரப்பட்ட உரிமை அல்ல என்றும் அதே தீர்ப்பில் எழுதினார்.

அதாவது, கதவைத் தட்டக் கூடாது, ஆனால் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நீதிபதி கே. சுப்பாராவ் இதில் உள்ள முரணைப் பிடித்துவிட்டார். நீதிபதி ஷாவுடன் சேர்ந்து அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை நேரம் இருந்தால் தேடிப் படியுங்கள். எந்நேரமும் கண்காணிக்கப்படுகிறவன் காலில் விலங்கு இல்லாவிட்டாலும் சுதந்திரமாக நடப்பவன் இல்லை, அவனுக்கு நாடு முழுவதுமே சிறைதான் என்ற பொருளில் எழுதினார். தனியுரிமை, சுதந்திரத்தின் பிரிக்க முடியாத பகுதி என்றார். இருவர் கருத்து என்பதால் அன்றைக்கு அது தோற்றது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. கரக் சிங் பெரிய தலைவரோ எழுத்தாளரோ இல்லை. போலீஸ் சந்தேகப் பட்டியலில் இருந்த ஒரு ஆள். நம் எல்லோருடைய தனியுரிமைக்காகவும் முதலில் நீதிமன்றப் படியேறியவர் அவர்தான். இப்படிப்பட்டவர்கள்தான் இந்தக் கதை நெடுகிலும் வருவார்கள்.

1975 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கோவிந்த் என்பவர் கிட்டத்தட்ட இதே புகாருடன் வந்தார். நீதிபதி கே.கே. மேத்யூ தனியுரிமை என்று ஒன்று இருக்கலாம் என்று பாதி ஒப்புக்கொண்டார், ஆனால் போலீஸ் விதிகளை ரத்து செய்யவில்லை. மூன்று மாதம் கழித்து நெருக்கடி நிலை வந்தது. அதன் பிறகு இருபத்தோரு மாதம் தனியுரிமை என்ன, எந்த உரிமைக்குமே மதிப்பில்லாமல் போனது உங்களுக்குத் தெரியும்.

கையெழுத்துப் போடாத ஜனாதிபதி

எண்பதுகளில் இரண்டு விஷயங்கள் நடந்தன. 1986-ல் ராஜீவ் காந்தி அரசு அஞ்சல் சட்டத் திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது. கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் அதிகாரத்தை இன்னும் விரிவாக்கும் மசோதா. ஜனாதிபதி ஜெயில் சிங் அதில் கையெழுத்துப் போடவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டார். எவ்வளவு நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்லாததால் அது முடிந்தது. அவருக்குப் பின் வந்த ஆர். வெங்கட்ராமன் மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். கடைசியில் 2002-ல் வாஜ்பாய் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசாங்கத்தின் உள்ளேயே இருந்த இருவர் போட்ட தடை என்பதால் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இரண்டாவது, 1988-ல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் பதவி விலகினார். எதிர்க்கட்சிக்காரர்கள், சொந்தக் கட்சியின் அதிருப்தியாளர்கள் என்று பலருடைய போன்கள் பட்டியலில் இருந்ததாகக் குற்றச்சாட்டு. தேசப் பாதுகாப்புக்கென்று கொடுத்த அதிகாரம் கட்சி அரசியலுக்குப் பயன்படும் என்ற சந்தேகம் அப்போது ஊருக்கே தெரிந்த விஷயமாகிவிட்டது.

ஆட்டோ சங்கர் தந்த தீர்ப்பு

நடுவில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு வழக்கு. ஆட்டோ சங்கரைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவர். சிறையில் இருந்தபோது தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். சில அதிகாரிகளுக்கும் தனக்கும் இருந்த தொடர்புகள் அதில் இருந்ததாகச் சொல்லப்பட்டது. அதை நக்கீரன் இதழ் வெளியிடப்போவதாக அறிவித்ததும், வெளியிடக் கூடாது என்று சிறைத்துறையின் உயர் அதிகாரியிடமிருந்து கடிதம் போனது. ஆசிரியர் ராஜகோபால் (நக்கீரன் கோபால்) உச்ச நீதிமன்றம் போனார்.

1994 அக்டோபரில் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது. முதலாவது, குடிமகனுக்குத் தன்னைத் தொந்தரவில்லாமல் விட்டுவிடும்படி கேட்கும் உரிமை உண்டு. இரண்டாவது, அரசு அதிகாரிகள் தங்கள் பதவிக் கடமை சம்பந்தமான நடத்தைக்கு அந்த உரிமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது, முன்கூட்டியே தடை போடவும் முடியாது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தனி மனிதனின் வாழ்க்கை மறைவாக இருக்கலாம், அரசாங்கத்தின் வேலை வெளிச்சத்தில் இருக்க வேண்டும். உளவு பார்க்கும் அரசு இதைத் தலைகீழாக மாற்றிவிடுகிறது. நம்முடையது எல்லாம் அதற்குத் தெரிகிறது. அது செய்வது எதுவும் நமக்குத் தெரிவதில்லை. ஒரு தூக்குத் தண்டனைக் கைதியின் கையெழுத்துப் பிரதியால் கிடைத்த பாடம் இது.

ஒட்டுக்கேட்புக்கு விதிமுறை

1991-ல் 'மெயின்ஸ்ட்ரீம்' இதழில், அரசியல்வாதிகளின் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்டது பற்றிய சிபிஐ அறிக்கை வெளியானது. அதில் தெரியவந்ததை ஒரு வணிகவியல் மாணவனிடம் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வான். அனுமதிக் கடிதங்களையும் ஒட்டுக்கேட்ட எண்களின் பட்டியலையும் ஒத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. சில எண்களுக்கு அனுமதியையே காட்ட முடியவில்லை. பதிவேடுகளும் ஒழுங்காக இல்லை. ஒரு பெட்டிக்கடைக்குக்கூட நாம் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடுகிறோம். நாட்டின் ஒட்டுக்கேட்புக்கு அது இல்லை!

மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியுசிஎல்) வழக்குப் போட்டது. 1996 டிசம்பர் 18-ம் தேதி தீர்ப்பு. கரக் சிங் தீர்ப்பு வந்து சரியாக 34 வருடம், அதே தேதி. நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது இருவரும், தொலைபேசி உரையாடல் தனியுரிமையில் அடங்கும் என்றார்கள். 1885-லிருந்து 111 வருடமாக, இந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று எந்த அரசும் ஒரு நடைமுறை விதியும் செய்யவில்லை என்பதையும் கண்டித்தார்கள். பிறகு அவர்களே விதி வகுத்தார்கள்:

- மத்திய, மாநில உள்துறைச் செயலாளர்தான் உத்தரவு போட வேண்டும். அவசரம் என்றால் மட்டும் அவர் தன் அதிகாரத்தை இணைச் செயலாளர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியிடம் ஒப்படைக்கலாம்.
- தகவலை வேறு வழியில் பெற முடியுமா என்று யோசிக்க வேண்டும்.
- உத்தரவு இரண்டு மாதம் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது.
- ஒவ்வொரு உத்தரவையும் ஒரு மறுஆய்வுக் குழு சரிபார்க்க வேண்டும்.

நல்ல விதிகள்தான். ஆனால் கடைசி விதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மறுஆய்வுக் குழுவில் யார்? மத்தியில் அமைச்சரவைச் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர், தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர். மாநிலத்தில் தலைமைச் செயலாளர், சட்டச் செயலாளர், இன்னொரு செயலாளர். நீதிபதி கிடையாது. எதிர்க்கட்சி கிடையாது. வெளி ஆள் ஒருவர்கூடக் கிடையாது. ஒட்டுக்கேட்பதற்கு முன்பே நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று மனுதாரர் தரப்பு கேட்டது. சட்டத்தில் அப்படி ஏற்பாடு இல்லாதபோது நாங்கள் அதைச் சேர்க்க முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

உத்தரவு போடுபவர் ஒரு செயலாளர். சரிபார்ப்பவர்கள் மூன்று செயலாளர்கள். வேலிக்கு ஓணான் சாட்சி என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்த ஓணான் நல்ல ஓணானாகவே இருக்கட்டும். ஆரம்பத்தில் சொன்ன தணிக்கை விதி இங்கேதான் மீறப்படுகிறது.

1.6 வினாடி

2007-ல் இந்த ஏற்பாட்டை 419-ஏ என்ற விதியாக எழுதினார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2009-ல் வந்த விதிகளும், இணையத்துக்கும் கணினிக்கும் இதே குழுவையே காட்டின.

சரி, குழு எப்படி வேலை செய்கிறது? மத்திய அரசு மட்டும் மாதம் சராசரியாக 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போடுகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பதில் வந்தது. 2018-ல் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு தன் அறிக்கையில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வுக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, இது நடைமுறைக்கு ஒத்துவராத வேலை என்று எழுதியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த மூன்று செயலாளர்களும் சாப்பாடு, டீ எதுவும் இல்லாமல் எட்டு மணி நேரம் உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் என்பது 28,800 வினாடி. அதை 18,000-ஆல் வகுத்தால் ஒரு உத்தரவுக்கு 1.6 வினாடி. ஒரு ஆளின் பெயரைப் படித்து முடிக்கவே அது போதாது. இது தணிக்கையா, வெறும் ரப்பர் முத்திரையா என்று நீங்களே சொல்லுங்கள்.

86 வயதில் ஒரு மனு

2009-ல் ஆதார் ஆணையம் தொடங்கியது. கைரேகை, கண்ணின் கருவிழிப் பதிவு எல்லாம் எடுத்தார்கள். அப்போது அதற்கென்று நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே கிடையாது. 2012-ல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அப்போது அவருக்கு வயது 86.

2015-ல் மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல் முகுல் ரோஹத்கி, தனியுரிமை அடிப்படை உரிமையே அல்ல என்று வாதிட்டார். ஆதாரம்? 1954-ன் எட்டு நீதிபதிகள், 1962-ன் ஆறு நீதிபதிகள். போகிற போக்கில் சொன்ன அந்த வரி திரும்ப வந்து நின்றது. எட்டுப் பேர் சொன்னதை மாற்ற வேண்டுமானால் ஒன்பது பேர் வேண்டும்.

2017 ஆகஸ்ட் 24-ம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். எம்.பி. சர்மா வழக்கிலும் கரக் சிங் வழக்கிலும் தனியுரிமைக்கு எதிராகச் சொன்னவை தவறு என்றார்கள். தோற்றுப்போன சுப்பாராவின் கருத்து 55 வருடம் கழித்து ஜெயித்தது. இனி அரசு தலையிட வேண்டுமானால் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: ஒரு சட்டம், நியாயமான நோக்கம், அந்த நோக்கத்துக்கு ஏற்ற அளவு. கரக் சிங் உயிரோடு இருந்திருந்தால் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார். புட்டசாமி 2024-ல் தன் 98-வது வயதில் காலமானார்.

படமாக இருந்தால் இங்கே 'சுபம்' போட்டுவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள்.

2018 செப்டம்பரில் ஆதார் தீர்ப்பு வந்தது. நலத்திட்டங்களுக்கும் பான் எண்ணுக்கும் ஆதார் செல்லும் என்றார்கள். ஆனால் தேசப் பாதுகாப்பு என்று சொல்லி இணைச் செயலாளர் ஒருவரே ஆதார் விவரங்களைக் கொடுக்க உத்தரவிடும் பிரிவை ரத்து செய்தார்கள். இன்னும் உயர்ந்த அதிகாரி வேண்டும், கூடவே நீதித்துறையைச் சேர்ந்தவரும் இருந்தால் நல்லது என்றது நீதிமன்றம். 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 'இணைச் செயலாளர்' என்பது 'செயலாளர்' ஆனது. கூடவே இருக்க வேண்டிய நீதித்துறை ஆளை மட்டும் காணோம்!

2021 ஜூலையில் பெகாசஸ் விவகாரம். பத்திரிகையாளர்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள் எண்கள் எல்லாம் பட்டியலில் இருந்ததாகச் செய்தி. தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் மட்டும் அரசு தப்பித்துக்கொள்ள முடியாது என்று அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு தொழில்நுட்பக் குழு அமைத்தது. சோதித்த 29 போன்களில் ஐந்தில் ஏதோ தீங்கு மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தானா என்று உறுதி இல்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு கூறியதாக 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி ரமணா நீதிமன்றத்தில் சொன்னார்.

2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தை ஒழிக்கிறோம் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். 2024 டிசம்பரில் அதன் கீழ் ஒட்டுக்கேட்பு விதிகள் வந்தன. மறுஆய்வுக் குழுவில் யார் என்று ஆவலாகப் பார்த்தேன். செயலாளர்கள்தான்.

வெளி ஆள் பார்த்தால்

வெளி ஆள் ஒருவர் பார்த்தால் என்ன வித்தியாசம் வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நம் சென்னை உயர் நீதிமன்றமே 2025 ஜூலையில் பதில் சொல்லியிருக்கிறது. ஒரு லஞ்ச வழக்கில், சென்னை நிறுவனம் ஒன்றின் நிர்வாக இயக்குநரின் போனை ஒட்டுக்கேட்க 2011-ல் மத்திய உள்துறை போட்ட உத்தரவை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புப் பிரச்சினையோ இல்லாதபோது, சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாக ஒட்டுக்கேட்பது செல்லாது என்றார். இன்னொன்றும் தெரியவந்தது. ஒட்டுக்கேட்டதை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவே இல்லை. 1.6 வினாடிகூடக் கிடைக்கவில்லை!

லஞ்சம் வாங்குபவர்களைத் தப்பவிடுவதா என்று கோபம் வருவது நியாயம்தான். டெல்லி உயர் நீதிமன்றமும் அதே சமயத்தில் வேறொரு வழக்கில், பெரிய அளவு ஊழல் பொதுப் பாதுகாப்பையே பாதிக்கும் என்ற பார்வையை எடுத்தது. இந்த விவாதம் நடக்கட்டும். நான் சொல்ல வருவது அதுவல்ல. 2011-ல் போட்ட உத்தரவு ஒழுங்காக இருந்ததா என்று ஒரு வெளி ஆள் பார்க்கப் பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது. அதுவும் அந்த ஆள் மீது வழக்கு வந்ததால்தான் தெரிந்தது. வழக்கே வராத ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தங்கள் போன் ஒட்டுக்கேட்கப்பட்டது கடைசிவரை தெரியவே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எந்த நீதிமன்றத்தில் மனுப் போடுவது? கரக் சிங்காவது கதவு தட்டப்பட்ட சத்தத்தைக் கேட்டார். இன்றைக்குச் சத்தமே வருவதில்லை.

"தப்பு செய்யாதவன் எதற்குப் பயப்பட வேண்டும்?" என்று எப்போதும் ஒருவர் கேட்பார். தப்பே செய்யாத கம்பெனியும் தணிக்கைக்கு உட்படுகிறதே, அதே நியாயம் அரசுக்கும் பொருந்தும் இல்லையா? ஒட்டுக்கேட்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெடிகுண்டு வைப்பவனின் போனைக் கேட்கத்தான் வேண்டும். கேட்பதற்கு முன் ஒரு நீதிபதி காரணத்தைப் படிக்கட்டும் என்கிறேன். பிரிட்டனில் 2016-ம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் உத்தரவு போட்டாலும் ஒரு நீதித்துறை ஆணையர் ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1978-லிருந்தே உளவுக்கென்று தனி நீதிமன்றம் உண்டு. அரசுத் தரப்பை மட்டும் கேட்கும் அந்த நீதிமன்றம் எவ்வளவு தூரம் தலையாட்டியது என்று 2013-ல் ஸ்னோடென் காட்டினார் என்பதும் உண்மை. ஆகவே வெளி ஆள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் வெளி ஆளே இல்லாத இடத்தில் எதுவும் சரியாகாது.

ஒவ்வொரு முறையும் நீதிமன்றம் நமக்கு உரிமையைக் கொடுத்தது, ஆனால் அதைக் காவல் காக்கும் வேலையை மட்டும் அரசிடமே விட்டது. 1962-ல் அப்படி, 1996-லும் அப்படி. 2018-ல் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார்கள், 2019-ல் அது போய்விட்டது. அடுத்த முறை யாராவது வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வந்தால் சாலை, தண்ணீரோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: "ஒட்டுக்கேட்பு மறுஆய்வுக் குழுவில் ஒரு நீதிபதியைப் போடுவீர்களா?" அவர் முழிப்பார். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் வைத்திருப்பார்.